இடக்கைக்காரர்களுக்குத் தனிக் கீபோர்டு தேவையா?

உங்கள் வீட்டுக்குப் புதிதாகக் கம்ப்யூட்டர் வந்திருக்கிறது. கடைக்காரர் அனுப்பிய பையன் வந்து மானிட்டரை நடுவில் வைத்து, கீபோர்டை முன்னால் வைத்து, மவுஸை வலது பக்கம் வைத்துவிட்டுப் போயிருப்பான். "இந்த வீட்டில் யாருக்காவது இடது கைப் பழக்கம் உண்டா?" என்று அவன் கேட்டிருக்க மாட்டான். எந்தக் கடைக்காரரும் கேட்பதில்லை. உலகில் ஏறக்குறைய பத்துப் பேரில் ஒருவர் இடக்கைக்காரர். ஐந்து பேர் உள்ள இரண்டு வீடுகளை எடுத்துக்கொண்டால், கணக்குப்படி ஒருவராவது தேறுவார்.

நான் அந்தப் பத்தில் ஒருவன். பீச்சாங்கைக்காரன் என்று பள்ளியில் பட்டப்பெயர் வாங்கியவன். காசு கொடுப்பதும் வாங்குவதும் வலது கையில்தான் என்று வீட்டில் பழக்கினார்கள். எழுத்தை மட்டும் அவர்களால் மாற்ற முடியவில்லை. இப்போது இந்தக் கட்டுரையை எழுதக் காரணம், சென்ற ஆண்டு நான் ஏமாந்து வாங்கிய ஒரு கீபோர்டு. ஏமாற்றியவர் யாரும் இல்லை. நானே யோசிக்காமல் வாங்கினேன். நீங்களும் அப்படி வாங்கிவிடக் கூடாது.

நடந்தது இதுதான். பல வருடங்களாக மவுஸை வலது கையில்தான் பிடித்து வந்தேன். 1990-களில் நான் கம்ப்யூட்டர் கற்ற சென்டரில் மவுஸ் வயர் வலது பக்கத்துக்கு மட்டுமே எட்டும். இடது பக்கம் இழுத்தால் மாஸ்டர் திட்டுவார். அப்படியே பழகிவிட்டேன். சென்ற ஆண்டு வலது மணிக்கட்டிலும் தோளிலும் வலி வந்தது. சரி, இனி இடது கைக்கே மாறிவிடுவோம் என்று முடிவு செய்து, "இடக்கைக்காரர்களுக்கான எர்கோனாமிக் கீபோர்டு" ஒன்றை வெளிநாட்டிலிருந்து வரவழைத்தேன். எட்டாயிரம் ரூபாய்க்குச் சற்றுக் கூடுதலாக ஆனது. பிரித்துப் பார்த்தால், வழக்கமாக வலது ஓரத்தில் இருக்கும் நியூமெரிக் கீபேட், அதாவது எண்களுக்கான கீகளின் தொகுப்பு, இடது ஓரத்தில் இருந்தது. மற்றபடி எல்லாம் நம் சாதாரண கீபோர்டுதான். மகிழ்ச்சியாக மாட்டினேன். மவுஸை அதற்கு இடது பக்கத்தில் வைத்தேன்.

இரண்டே வாரத்தில் இடது தோளும் வலிக்க ஆரம்பித்துவிட்டது!

ஏன் என்று ஒரு ஸ்கேலை எடுத்து அளந்து பார்த்த பிறகுதான் புரிந்தது. சாதாரண கீபோர்டில் ஒரு கீயின் நடுவிலிருந்து அடுத்த கீயின் நடுவுக்கு 19 மி.மீ. இருக்கும். நியூமெரிக் கீபேடில் நான்கு வரிசை. எனவே 76 மி.மீ. அதற்கும் எழுத்துக் கீகளுக்கும் நடுவில் இன்செர்ட், டெலீட், அம்புக் குறிக் கீகள் மூன்று வரிசை. 57 மி.மீ. இடைவெளிகளையும் சேர்த்தால் சுமார் 14 செ.மீ. அரை ஜாணுக்கு மேல். சாதாரண கீபோர்டில் இவ்வளவும் வலது பக்கம் இருக்கிறது. வலது கையில் மவுஸ் பிடிப்பவர் ஒவ்வொரு முறையும் இந்தத் தூரத்தைத் தாண்டித்தான் கையை நீட்ட வேண்டும். இடது பக்கம் அப்படி எதுவும் கிடையாது. டேப், கேப்ஸ் லாக், ஷிப்ட் கீகளுடன் கீபோர்டு முடிந்துவிடுகிறது. அங்கே வைத்த மவுஸ் கைக்குப் பக்கத்திலேயே இருக்கும்.

அதாவது, மவுஸை இடது கையில் பிடிக்கும் ஒருவருக்கு எல்லாக் கடைகளிலும் கிடைக்கும் சாதாரண கீபோர்டுதான் நல்ல கீபோர்டு. நான் எட்டாயிரம் கொடுத்து, இல்லாத ஒரு தடையை இடது பக்கம் கொண்டுவந்து வைத்துக்கொண்டேன். எண் கீபேடை இடது பக்கம் வைத்த கீபோர்டால் உண்மையில் மிகுந்த பயன் பெறுபவர்கள், மவுஸை வலது கையில் பிடிக்கும் வலக்கைக்காரர்கள். எவோலூயன்ட் என்ற நிறுவனம் இதே அமைப்புள்ள கீபோர்டை 'மவுஸ் ஃபிரெண்ட்லி' என்ற பெயரில் விற்கிறது. அந்தப் பெயர் நேர்மையானது. 'இடக்கைக்காரர்களுக்கானது' என்று பெட்டியில் அச்சடித்தால், வாங்குபவர் ஒரு கேள்வி கேட்டுக்கொள்ள வேண்டும். எந்த வேலைக்கு இடது கை? மவுஸுக்கா, எண்களுக்கா?

எழுத்துக் கீகளில் நமக்குத்தான் லாபம்

கத்தரிக்கோல், டின் திறக்கும் கருவி, ஸ்பைரல் நோட்டு, கல்லூரியில் வலது பக்கம் மட்டும் பலகை வைத்த நாற்காலி என்று எதை எடுத்தாலும் வலது கைக்காகவே செய்த உலகம் இது. ஆனால் கீபோர்டு அப்படியல்ல. இதைச் சொன்னால் பலர் நம்புவதில்லை.

நாம் பயன்படுத்தும் க்வெர்டி அமைப்பு 1870-களில் கிறிஸ்டோபர் ஷோல்ஸ் உருவாக்கிய டைப்ரைட்டரிலிருந்து வந்தது. ஆங்கிலத்தில் மிக அதிகமாக வரும் மூன்று எழுத்துகள் ஈ, டி, ஏ. மூன்றும் இடது கைப் பக்கத்தில் இருக்கின்றன. இதனால் ஆங்கிலம் டைப் செய்யும்போது பாதிக்கு மேற்பட்ட வேலையை இடது கைதான் செய்கிறது. வாட்டர், ஸ்ட்ரீட் போன்ற சொற்களை இடது கையால் மட்டுமே அடித்து முடித்துவிடலாம். வலது கையால் மட்டும் அடிக்க முடிகிற லாலிபாப் போன்ற சொற்களைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். எண்ணிக்கையில் இடது பக்கச் சொற்கள் பல மடங்கு அதிகம்.

பழைய ஆட்கள் இன்னொன்றையும் நினைவில் வைத்திருப்பார்கள். டைப்ரைட்டரில் ஒரு வரி முடிந்ததும் உருளையைத் தள்ளும் லிவர் இடது பக்கம் இருக்கும். லோயர் பரீட்சைக்குப் படித்தபோது இன்ஸ்டிட்யூட்டில் அந்த லிவரை என்னைப் போல வேகமாகத் தள்ளியவர் யாரும் இல்லை. அந்தப் பெருமை எனக்கு வெகு நாள் இருந்தது. கம்ப்யூட்டர் வந்ததும் லிவர் போய் என்டர் கீ வந்தது. அது வலது சுண்டு விரலுக்குப் போய்விட்டது.

அதோடு நிற்கவில்லை. 1981-ல் வந்த முதல் ஐ.பி.எம். பி.சி.யின் கீபோர்டில் 83 கீகள். எஃப் 1 முதல் எஃப் 10 வரை உள்ள ஃபங்ஷன் கீகள் இடது ஓரத்தில் இரண்டு வரிசையாக இருந்தன. 1980-களின் நடுவில் வந்த 101 கீகள் கொண்ட கீபோர்டில் அவை மேலே போயின. அம்புக் குறிக் கீகள் தனிக் கூட்டமாகப் பிரிந்து, எழுத்துகளுக்கும் எண் கீபேடுக்கும் நடுவில் வந்து உட்கார்ந்தன. கீபோர்டு வலது பக்கமாக நீண்டது. ஐ.பி.எம். வகைக் கம்ப்யூட்டர்களில் மவுஸ் பரவலாவதற்கு முன்பே இந்த அமைப்பு முடிவாகிவிட்டது. மவுஸ் வந்தபோது மிச்சம் இருந்த வலது ஓரத்தில் அதை வைத்தார்கள். இன்று வலது கை என்டர், பேக்ஸ்பேஸ், டெலீட், அம்புக் குறிகள், எண்கள், மவுஸ் எல்லாவற்றையும் பார்த்துக்கொள்கிறது. என் மணிக்கட்டு ஏன் வலித்தது என்று இப்போது புரிகிறதா? இந்தக் கேள்வியை வலக்கைக்காரர்களும் கேட்டுக்கொள்ளலாம். என் மனைவி வலக்கைக்காரர்தான். எனக்காக இடது பக்கம் வைத்த மவுஸை அவரும் பிடித்துப் பார்த்தார். ஒரு வாரம் தடுமாறினார். இப்போது நாள் முழுக்க வேலை இருந்தால் மதியத்துக்கு மேல் இடது பக்கம் மாற்றிக்கொள்கிறார்.

முதலில் மவுஸை மாற்றுங்கள்

ஆகவே என் கருத்து இது. கீபோர்டுக்குப் பணம் செலவழிக்கும் முன் மவுஸைச் சரி செய்யுங்கள். செலவே இல்லாத வேலை.

மவுஸை இடது பக்கம் வைத்தவுடன், ஆள்காட்டி விரல் வலது பட்டன் மேல் வந்துவிடும். அந்தப் பட்டனையே முக்கியப் பட்டனாக மாற்ற விண்டோஸில் வழி உண்டு. விண்டோஸ் 11-ல் செட்டிங்ஸ் சென்று, 'புளூடூத் அண்ட் டிவைசஸ்' என்ற பிரிவில் 'மவுஸ்' என்பதைத் தேர்ந்தெடுங்கள். முதலிலேயே 'பிரைமரி மவுஸ் பட்டன்' என்று இருக்கும். அதில் 'ரைட்' என்று மாற்றுங்கள். விண்டோஸ் 10 வைத்திருப்பவர்கள் (மைக்ரோசாப்ட் அதற்கான பொதுவான ஆதரவை 2025 அக்டோபரில் நிறுத்திவிட்டது, ஆனாலும் பல வீடுகளில் ஓடிக்கொண்டுதான் இருக்கும்) செட்டிங்ஸில் 'டிவைசஸ்', பிறகு 'மவுஸ்' என்று செல்ல வேண்டும். மாற்றிய அந்த நொடியிலிருந்தே கிளிக் செய்யும் பட்டன் மாறிவிடும். பழையபடி ஆக்க நினைத்து இடது பட்டனையே தட்டிக்கொண்டிருந்தால் சின்ன மெனு ஒன்று திரும்பத் திரும்ப எட்டிப் பார்க்கும். பயப்பட வேண்டாம். வலது பட்டனால் கிளிக் செய்யுங்கள்.

ஒரே கம்ப்யூட்டரை அப்பா, அம்மா, பிள்ளைகள் எல்லோரும் பயன்படுத்தும் வீட்டில் இது சண்டையில் முடியும். முன்பு ஒரு பிரவுசிங் சென்டரில் பட்டனை மாற்றிவிட்டு, திரும்ப மாற்ற மறந்து எழுந்து வந்துவிட்டேன். எனக்குப் பின் உட்கார்ந்தவர் மவுஸ் கெட்டுவிட்டது என்று புகார் செய்ய, அடுத்த முறை போனபோது உரிமையாளர் என்னை உள்ளேயே விடவில்லை. வீட்டில் இதற்கு எளிய தீர்வு இருக்கிறது. இந்த செட்டிங், விண்டோஸில் ஒவ்வொரு யூசர் அக்கவுண்ட்டுக்கும் தனித்தனியாகப் பதிவாகிறது. இடக்கைப் பழக்கமுள்ள பிள்ளைக்குத் தனி அக்கவுண்ட் ஒன்றை உருவாக்கி, அதில் மட்டும் பட்டனை மாற்றிவிடுங்கள். அந்தப் பிள்ளை லாக் இன் செய்யும்போது மாறும். மற்றவர்களுக்கு வழக்கம்போல இருக்கும்.

என் அண்ணன் மகள் இடக்கைக்காரி. பள்ளி கம்ப்யூட்டர் லேபில் மவுஸை இடது பக்கம் நகர்த்தியதற்கு, "எல்லோரும் போலப் பிடி" என்று ஆசிரியை சொன்னாராம். நான் திட்டு வாங்கி முப்பது வருடம் ஆகிவிட்டது. இன்னும் அதே கதைதான். எழுதும் கையை மாற்றச் சொல்லிக் குழந்தையை அடிப்பது தவறு என்று பெரும்பாலான பெற்றோர்கள் இன்று ஒத்துக்கொள்கிறார்கள். மவுஸ் விஷயத்தில் மட்டும் ஏன் அந்தப் பிடிவாதம்? லேபில் வயரைக் கட்டாமல் விட்டாலே போதும். ஒரு பைசா செலவில்லை. அதே சமயம், வலது கையில் மவுஸ் பிடித்து வசதியாக இருக்கும் இடக்கைக்காரர்களும் ஏராளம். வலியும் இல்லை, தடுமாற்றமும் இல்லை என்றால் அவர்கள் மாற வேண்டியதே இல்லை. பிள்ளையிடம் கேளுங்கள். எந்தக் கையில் பிடிக்க ஆசைப்படுகிறதோ அந்தக் கை.

மவுஸ் வாங்கும்போது அதன் வடிவத்தைப் பாருங்கள். வலது உள்ளங்கைக்கு ஏற்ப வளைந்து, கட்டை விரலுக்குப் பள்ளம் உள்ளவை இடது கைக்கு உதவா. இரண்டு பக்கமும் ஒரே மாதிரி உள்ள சாதாரண மவுஸ் போதும். பெரும்பாலும் விலை குறைந்தவை அப்படித்தான் இருக்கின்றன. இதிலும் நமக்கு லாபம்! செங்குத்தாகப் பிடிக்கும் மவுஸ் வேண்டும் என்றால் லாஜிடெக் 2022-ல் வெளியிட்ட 'லிப்ட்' என்ற மாடல் இடது கைக்கும் தனியாக வருகிறது. எவோலூயன்ட் நிறுவனத்திடமும் உண்டு. ஆனால் இவை விலை கூடியவை. மூன்று மாதம் சாதாரண மவுஸில் பழகிப் பார்த்துவிட்டு யோசியுங்கள்.

காப்பி, பேஸ்ட் சிக்கல்

மவுஸை இடது கைக்குக் கொண்டுவந்ததும் ஒரு சிக்கல் முளைக்கும். உண்மையில் இடக்கைக்காரர்களைக் கீபோர்டு தொல்லைப்படுத்துவது இந்த ஒரு இடத்தில்தான். கண்ட்ரோல் கீயுடன் இசட், எக்ஸ், சி, வி. அன்டூ, கட், காப்பி, பேஸ்ட். நான்கும் கீபோர்டின் இடது கீழ் மூலையில் வரிசையாக இருக்கின்றன. கட், காப்பி, பேஸ்ட் முறையை உருவாக்கியவராகக் கருதப்படும் லாரி டெஸ்லர் பணியாற்றிய ஆப்பிள் நிறுவனத்தின் லிசா கம்ப்யூட்டர் 1983-ல் வந்தபோது, பக்கத்துப் பக்கத்துக் கீகளாக இவற்றை வைத்தார்கள். வலது கை மவுஸில், இடது கை இந்தக் கீகளில் என்றால் மிக வசதி. மவுஸ் இடது கைக்குப் போய்விட்டால்? மவுஸை விட்டுவிட்டு இடது கையைக் கொண்டுவர வேண்டும், அல்லது வலது கையை உடம்புக்குக் குறுக்காக நீட்ட வேண்டும். இரண்டும் எரிச்சல்.

இதற்கு விடை விண்டோஸிலேயே ஒளிந்திருக்கிறது. கண்ட்ரோல் + சி வருவதற்கு முன், ஐ.பி.எம். 1987-ல் வகுத்த வேறு சில ஷார்ட்கட் கீகளைத்தான் விண்டோஸ் பயன்படுத்தி வந்தது. அவை இன்றும் நீக்கப்படவில்லை. கண்ட்ரோல் + இன்செர்ட் அழுத்தினால் காப்பி. ஷிப்ட் + இன்செர்ட் அழுத்தினால் பேஸ்ட். ஷிப்ட் + டெலீட் அழுத்தினால் கட். பல புரோகிராம்களில் ஆல்ட் + பேக்ஸ்பேஸ் அன்டூவாக வேலை செய்யும். இந்தக் கீகள் எல்லாம் எங்கே இருக்கின்றன என்று உங்கள் கீபோர்டைப் பாருங்கள். ஷிப்ட், கண்ட்ரோல், ஆல்ட் மூன்றும் வலது பக்கத்திலும் உண்டு. இன்செர்ட், டெலீட், பேக்ஸ்பேஸ் வலது பக்கத்தில்தான். அதாவது வலது கை ஒன்றே போதும். இடது கை மவுஸிலேயே இருக்கலாம். எனக்கு இது தெரிந்த நாளில், இத்தனை வருடம் ஏன் யாரும் சொல்லவில்லை என்று கோபமே வந்தது.

ஒரு எச்சரிக்கை. ஷிப்ட் + டெலீட் என்பது எழுத்துகளுக்கு மட்டும்தான் கட். ஃபைல் எக்ஸ்ப்ளோரரில் ஒரு ஃபைலைத் தேர்ந்தெடுத்துவிட்டு இதை அழுத்தினால் அந்த ஃபைல் ரீசைக்கிள் பின்னுக்குப் போகாமல் நிரந்தரமாக அழிக்கப்படும். அங்கே ஒருபோதும் பயன்படுத்த வேண்டாம். ஃபைலை நகர்த்த மவுஸால் ரைட் கிளிக் செய்து கட் கொடுங்கள். (உங்களுக்கு அது இப்போது லெப்ட் கிளிக்!)

லேப்டாப் வாங்கியவர்களுக்கு இந்த வழி முழுதாகக் கைகொடுக்காது. பல லேப்டாப்களில் இன்செர்ட்டுக்குத் தனிக் கீ இல்லை. எஃப்.என். கீயைச் சேர்த்து அழுத்த வேண்டும். 2024-ல் மைக்ரோசாப்ட் 'கோபைலட்' என்ற புதிய கீயை அறிமுகப்படுத்தியது. சில லேப்டாப்களில் அதற்கு இடம் கொடுக்க எடுத்துவிட்டது எதைத் தெரியுமா? வலது பக்க கண்ட்ரோல் கீயை. அதை யார் பயன்படுத்துகிறார்கள் என்று நினைத்தார்கள் போலும். நாங்கள் பயன்படுத்துகிறோம் ஐயா! கடையில் லேப்டாப் பார்க்கும்போது ஸ்பேஸ் பாருக்கு வலது பக்கம் கண்ட்ரோல் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு வாங்குங்கள். இன்னொன்று, 15.6 அங்குல லேப்டாப் பலவற்றில் எண் கீபேடும் சேர்ந்து வரும். அப்போது எழுத்துக் கீகள் திரைக்கு நடுவில் இல்லாமல் இடது பக்கம் தள்ளப்பட்டிருக்கும். உடம்பைத் திருப்பியபடியே டைப் செய்ய நேரும். எண் வேலை அதிகம் இல்லை என்றால் கீபேட் இல்லாத 14 அங்குலமே மேல். இது இரு கைக்காரர்களுக்கும் பொருந்தும்.

ஷார்ட்கட் கீகளை உங்கள் விருப்பப்படி அமைக்க வேண்டும் என்றால், மைக்ரோசாப்ட் இலவசமாகத் தரும் 'பவர் டாய்ஸ்' என்ற தொகுப்பை இன்ஸ்டால் செய்யுங்கள். அதில் 'கீபோர்டு மேனேஜர்' என்ற பகுதி இருக்கிறது. ஒரு கீயை அழுத்தினால் வேறொரு கீயோ ஷார்ட்கட்டோ இயங்கும்படி இதில் மாற்றலாம். நான் என்ன செய்திருக்கிறேன் தெரியுமா? எண் கீபேடை நான் அதிகம் தொடுவதில்லை. எனவே அதில் உள்ள மைனஸ் கீயை காப்பிக்கும், பிளஸ் கீயை பேஸ்ட்டுக்கும் ஒதுக்கிவிட்டேன். பெரிய கீகள், வலது கை பார்க்காமலே தட்டும். பவர் டாய்ஸ் பின்னணியில் இயங்கினால்தான் இது வேலை செய்யும் என்பதை நினைவில் வையுங்கள். லாக் இன் திரையில் செயல்படாது. அதனால் பாஸ்வேர்டில் வரும் எழுத்துக் கீகளை மாற்றி வைத்துக் குழம்ப வேண்டாம்.

எண்கள் அடிப்பவர்களுக்கு

சரி, இடக்கைக்கான தனிக் கீபோர்டு யாருக்குமே வேண்டாமா? வேண்டும். டேலியிலும் எக்ஸெலிலும் நாள் முழுக்க எண்களை அடிப்பவர், அதுவும் இடது கையால் அடித்தால்தான் வேகம் வருகிறது என்பவர், மவுஸை வலது கையில் பிடிக்கத் தயார் என்றால் அவருக்கு அது நல்ல கருவி. ஆனால் அவருக்கும் முதலில் நான் சொல்லும் வழி வேறு. எண் கீபேட் மட்டும் தனியாக யு.எஸ்.பி.யில் கிடைக்கிறது. விலை அதிகமில்லை. எண் கீபேட் இல்லாத கீபோர்டு ஒன்று, தனிக் கீபேட் ஒன்று என்று வாங்கினால், காலையில் இடது பக்கம், மாலையில் வலது பக்கம் என்று விரும்பியபடி வைத்துக்கொள்ளலாம். வேறு ஒருவர் உட்கார்ந்தால் அவர் வசதிக்கு நகர்த்திக்கொள்வார். ஒன்றாக ஒட்டிய கீபோர்டில் இந்தச் சுதந்திரம் கிடையாது. எண் கீபேட் இல்லாத கீபோர்டுகளிலும் மிகச் சிறியவற்றைத் தவிர்த்துவிடுங்கள். இன்செர்ட், டெலீட், அம்புக் குறிக் கீகள் தனியாக இருக்க வேண்டும்.

இரண்டாகப் பிளந்த கீபோர்டுகளும் உண்டு. கினெசிஸ் போன்ற நிறுவனங்கள் செய்கின்றன. இரண்டு பாதிகளையும் தோள் அகலத்துக்குப் பிரித்து வைத்து டைப் செய்யலாம். மணிக்கட்டு வெளிப்பக்கம் வளையாமல் நேராக இருக்கும். இவை இரு கைக்கும் சமமானவை. கையில் பணம் இருந்து, வலியும் இருந்தால், இடக்கைக் கீபோர்டை விட இதற்குச் செலவழிப்பதே புத்திசாலித்தனம் என்பேன். அதற்கும் முன் செலவில்லாத இரண்டு விஷயங்கள். கீபோர்டின் பின்பக்கம் உள்ள சிறு கால்களை மடக்கியே வையுங்கள். அவற்றை நிமிர்த்தினால் மணிக்கட்டு மேல்நோக்கி வளைகிறது. கீபோர்டை வைக்கும்போது மொத்த நீளத்தின் நடுப்பகுதியைப் பார்க்காமல், ஜி, எச் கீகள் உங்கள் மார்புக்கு நேராக வரும்படி வையுங்கள்.

பலர் தவறாகப் புரிந்துகொள்ளும் ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். விண்டோஸில் கீபோர்டு அமைப்புகளின் பட்டியலில் 'ட்வோராக் ஃபார் லெப்ட் ஹேண்ட்' என்று ஒன்று இருக்கும். 1936-ல் காப்புரிமை பெற்ற ட்வோராக் அமைப்பின் ஒரு வகை இது. பெயரைப் பார்த்ததும் நமக்குத்தான் என்று நான் இதைத் தேர்ந்தெடுத்து, ஒரு வரி அடிப்பதற்குள் வியர்த்துப் போனேன். இது இடக்கைப் பழக்கம் உள்ளவர்களுக்கானது அல்ல. வலது கையைப் பயன்படுத்த முடியாமல், இடது கை ஒன்றால் மட்டுமே டைப் செய்பவர்களுக்காக எழுத்துகளை ஒரு பக்கமாகக் கூட்டி வைத்த அமைப்பு. அவர்களுக்கு இது பெரிய உதவி. மால்ட்ரான் என்ற பிரிட்டிஷ் நிறுவனம் ஒரு கைக்கென்றே குழிந்த வடிவில் கீபோர்டு செய்கிறது. இரண்டு கையும் நன்றாக உள்ளவருக்கு இவை தேவையில்லை. தெரியாமல் இந்த அமைப்புக்குப் போய்விட்டால் விண்டோஸ் கீயுடன் ஸ்பேஸ் பாரை அழுத்துங்கள். பழைய அமைப்பு திரும்ப வரும்.

தமிழில் டைப் செய்பவர்களுக்கு ஒரு வார்த்தை. 1999-ல் சென்னையில் நடந்த தமிழ்நெட் 99 மாநாட்டைத் தொடர்ந்து தமிழக அரசு ஏற்ற தமிழ்99 அமைப்பில் உயிர் எழுத்துகளும் புள்ளியும் இடது கையில், மெய் எழுத்துகளில் பெரும்பாலானவை வலது கையில் இருக்கின்றன. 'கடிதம்' என்று அடிக்க ஆறு கீகள். அவற்றில் நான்கு வலது, இரண்டு இடது. ஆங்கில எழுத்துகளில் ஒலிபெயர்த்து அடித்தால் எட்டுக் கீகள், நான்கு இடது, நான்கு வலது. அப்படியானால் தமிழ்99 இடக்கைக்காரருக்கு ஆகாதா என்று ஒரு நண்பர் கேட்டார். நான் இருபது வருடமாகத் தமிழ்99-ல்தான் அடிக்கிறேன். இரண்டு கீ குறைவாக அடிப்பது எந்தக் கைக்கும் நல்லதுதானே!

அந்த எட்டாயிரம் ரூபாய்க் கீபோர்டு என்ன ஆனது என்று கேட்பீர்கள். என் மைத்துனர் ஒரு ஹார்டுவேர் கடைக்குக் கணக்கு எழுதுகிறார். அசல் வலக்கைக்காரர். சும்மா கிடக்கிறதே என்று எடுத்துக்கொண்டு போனார். முதல் வாரம் எண்களை இடது கையால் அடிக்க முடியாமல் எனக்கே போன் செய்து திட்டினார். ஒரு மாதம் கழித்துப் பார்க்கப் போனேன். இடது கை எண்களைத் தட்டிக்கொண்டிருந்தது, வலது கை மவுஸில் இருந்தது, கண் பில்லிலேயே இருந்தது. எழுதுவதற்காகப் படம் எடுத்துக்கொள்கிறேன், இரண்டு நாள் கொடுங்கள் என்று கேட்டேன். வேண்டுமானால் கடைக்கு வந்து எடுத்துக்கொள்ளுங்கள், கீபோர்டு மட்டும் வெளியே வராது என்றுவிட்டார்.